கூனவாரா கேபர்னே, பரோஸா ஷிராஸ்: 90 லிட்டர் சிவப்பு ஒயின் கலவையின் செய்முறைப் பதிவு

தென் ஆஸ்திரேலியாவின் கூனவாராவில் விளையும் கேபர்னே சோவிஞோன் என்ற திராட்சை ரகத்தின் ஒயினைத் தனியாகச் சுவைத்தால், முதலில் பிளாக்கரண்ட் பழமும் லேசான புதினா வாசமும் வரும். விழுங்கிய பிறகு துவர்ப்பு நாக்கின் இரு பக்கமும் நின்று பிடிக்கும். இரண்டுக்கும் இடையில் ஒரு வெறுமை. ஆஸ்திரேலிய ஒயின்காரர்கள் இதை டோனட் என்பார்கள். நம் உளுந்துவடை மாதிரி, சுற்றிலும் எல்லாம் இருக்கும், நடுவில் ஓட்டை. பரோஸா பள்ளத்தாக்கின் ஷிராஸ் நேர் எதிர். நடுவாய் முழுக்கப் பழம், நல்ல சதைப்பிடிப்பு. ஆனால் புளிப்பு குறைவு, ஆல்கஹால் அதிகம், விழுங்கியதும் சுவை சீக்கிரம் அடங்கிவிடும். இந்த இரண்டையும் சேர்ப்பது தென் ஆஸ்திரேலியாவில் பழைய வழக்கம். அந்தக் கலவையை வீட்டு அளவில், 90 லிட்டருக்கு, எப்படிச் செய்வது என்பதுதான் இந்தப் பதிவு.

இந்தக் கலவைக்கு உச்சமான எடுத்துக்காட்டு பென்ஃபோல்ட்ஸ் நிறுவனத்தின் 1962 ஆண்டு ஒயின், ‘பின் 60ஏ’ (Bin 60A). மாக்ஸ் ஷூபர்ட் செய்தது. சுமாராக மூன்றில் இரண்டு பங்கு கூனவாரா கேபர்னே, ஒரு பங்கு பரோஸாவின் கலிம்னா தோட்டத்து ஷிராஸ். அவர் 1951-இல் தொடங்கிய கிரேஞ்ச் ஒயினும் ஒரே தோட்டத்துப் பழத்தை நம்பியதல்ல. ஃபிரான்ஸில் நிலைமை வேறு: போர்தோவில் பல ரகங்களைக் கலப்பார்கள், ஆனால் பழம் அந்த வட்டாரத்தைத் தாண்டாது, தாண்டினால் ஊர்ப் பெயரைப் போட முடியாது. ஆனாலும் 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் போர்தோ வணிகர்களே மெலிந்த ஒயினுக்குச் சதை சேர்க்க ரோன் பகுதியின் எர்மிதாஜ் ஒயினை ஊற்றியிருக்கிறார்கள். எர்மிதாஜின் சிரா ரகம்தான் ஆஸ்திரேலியாவில் ஷிராஸ். ஆக, இந்த ஜோடி ஆஸ்திரேலியாவுக்கும் முந்தியது.

பழமும் பயணமும்

எடுத்துக்கொண்டவை: கூனவாரா கேபர்னே 85 கிலோ, பரோஸா ஷிராஸ் 60 கிலோ, மெக்லாரன் வேல் கிரெனாஷ் (வாசத்துக்காகக் கொஞ்சம் மட்டும் சேர்க்கும் மூன்றாவது சிவப்பு ரகம்) 20 கிலோ. கசடெல்லாம் கழித்து முறையே சுமார் 55, 39, 13 லிட்டர் ஒயின் கிடைக்கும். கேபர்னேவின் மணி சிறியது, கொட்டை அதிகம். அதனால் கிலோவுக்குச் சாறு கொஞ்சம் குறைவாகத்தான் வரும்.

பரோஸா ஷிராஸ் மார்ச் தொடக்கத்தில் பழுத்துவிடும், கிரெனாஷ் மார்ச் கடைசியில், கூனவாரா கேபர்னே ஏப்ரலில். எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் போட்டு நொதிக்க விடுவது இதனாலேயே நடக்காது. நடந்தாலும் செய்யக் கூடாது. மூன்றும் தனித்தனி ஒயினாக முடிந்த பிறகுதான் எதில் எது இருக்கிறது, எது இல்லை என்று தெரியும்.

கூனவாராவிலிருந்து அடிலெய்டுக்கு 380 கிலோமீட்டர் போல. பழத்தை விடியற்காலையில் பறித்து, ஆழமில்லாத கூடைகளில் வைத்து, கிலோவுக்கு 0.1 கிராம் பொட்டாசியம் மெட்டாபைசல்ஃபைட் (கெடாமல் காக்கும் சல்ஃபைட் தூள்) தூவி, நிழலில் கொண்டுவர வேண்டும். ஆழமான பீப்பாயில் கொட்டினால் அடியில் இருக்கும் பழம் நசுங்கி, வண்டி வந்து சேரும்போது தானாகவே நொதிக்கத் தொடங்கியிருக்கும். காடி வாடைக்கு அதுதான் முதல் வாசல். விக்டோரியா மாநிலத்துப் பழத்தைச் சேர்க்கலாமே என்று தோன்றும். தென் ஆஸ்திரேலியா, திராட்சைக் கொடியின் வேரை அழிக்கும் ஃபைலாக்ஸெரா பூச்சி நுழையாத மாநிலம். வெளியிலிருந்து பழம் கொண்டுவரக் கடுமையான கட்டுப்பாடு உண்டு. அதனால் மூன்று ஊரும் மாநிலத்துக்குள்ளேயே.

தனித்தனியாக நொதித்தல்

ஷிராஸ் வரும்போது 14.6 பாமே (சாற்றின் சர்க்கரையை அளக்கும் அலகு), பிஹெச் 3.9. இந்த பிஹெச்சில் நொதிக்க விட்டால் நிறம் மங்கும், கெட்ட பாக்டீரியாவுக்கும் வசதியாகிவிடும். நசுக்கியதும் லிட்டருக்கு 2 கிராம் டார்டாரிக் அமிலம். கணக்கு பழத்தின் எடைக்கு அல்ல, சாற்றுக்கு: 60 கிலோவில் சாறு சுமார் 42 லிட்டர், ஆகவே 84 கிராம். முழுவதையும் ஒரே தடவையில் போடாமல் முக்கால் பங்கைப் போட்டுக் கலக்கி, ஒரு மணி நேரம் கழித்து பிஹெச் பார்த்து மீதியைச் சேர்க்கலாம். 3.6-க்கு இறங்கினால் போதும். அமிலத்தை ஒயினாக முடிந்த பிறகு சேர்த்தால் புளிப்பு தனியாக நிற்கும், ஒட்டாது. செய்வதை முதலிலேயே செய்துவிட வேண்டும்.

ஈஸ்ட் லிட்டருக்கு 0.25 கிராம், எடையைப் போல் பத்து மடங்கு தண்ணீரில், 40 டிகிரியில், 20 நிமிடம் ஊறவைத்து ஊற்ற வேண்டும். ஊறிய ஈஸ்டுக்கும் சாறுக்கும் வெப்பநிலை வித்தியாசம் 10 டிகிரிக்கு மேல் இருந்தால் பாதி செத்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாகச் சாற்றை ஈஸ்டில் விட்டு ஆற்றிக்கொள்ள வேண்டும். நொதிக்கும் வெப்பம் 26 முதல் 28 டிகிரி. மேலே எழும்பும் தோலை நாளுக்கு மூன்று முறை சாற்றுக்குள் அமுக்கிவிட வேண்டும். சர்க்கரையில் மூன்றில் ஒரு பங்கு கரைந்ததும் லிட்டருக்கு 0.3 கிராம் டைஅம்மோனியம் பாஸ்ஃபேட். ஷிராஸ் இந்த இடத்தில்தான் அடிக்கடி அழுகிய முட்டை நாற்றம் கிளப்பும். ஈஸ்டுக்கு நைட்ரஜன் போதாததன் அடையாளம். அந்த நேரத்திலேயே காற்றுப்பட ஒருமுறை ஊற்றி மாற்றினால் போய்விடும். மாதக்கணக்கில் விட்டால் அது வேறு கந்தகச் சேர்மங்களாக மாறி, ஒயினை விட்டுப் போகவே போகாது.

ஷிராஸைச் சர்க்கரை முழுவதும் தீரவிடாமல் 1–2 பாமேயில் இருக்கும்போதே பிழிந்து, மீதி நொதித்தலை ஓக் மரத்தோடு முடிப்பது ஆஸ்திரேலிய வழக்கம். பீப்பாய் இல்லாவிட்டால் டெமிஜான் என்ற பெரிய கண்ணாடிக் குடுவையில் அமெரிக்க ஓக் கட்டைகள்: லிட்டருக்கு 3 கிராம், 39 லிட்டருக்கு 117 கிராம், மூன்று மாதம். அமெரிக்க ஓக் தேங்காய், வெனிலா வாசம் தரும். பழம் நிறைந்த ஷிராஸ் அதைத் தாங்கும். அதையே கேபர்னேயில் போட்டால் புதினா வாசம் மூடிப்போகும். கேபர்னேக்கு ஃபிரெஞ்சு ஓக், லிட்டருக்கு 2 கிராம், 108 கிராம் போதும்.

கேபர்னே 13.2 பாமே, பிஹெச் 3.45-இல் வரும்; அமிலம் தேவையில்லை. இங்கே வேலை துவர்ப்பைப் பக்குவமாக எடுப்பது. நொதித்தல் முடிந்த பிறகும் மூடியை இறுக்கி, மேலே கரியமில வாயு நிற்க, தோலோடு மொத்தம் 16 நாள் வரை விடலாம். தினமும் சுவைத்துப் பார்த்தால் நடுவில் ஒரு கட்டத்தில் துவர்ப்பு முரட்டுத்தனமாகி, பிறகு தணியும். தணிந்த அன்றைக்குப் பிழிய வேண்டும். கிரெனாஷில் விசேஷம் ஒன்றுமில்லை. தோலோடு ஒரு வாரம், 24 டிகிரி, ஓக் கிடையாது.

பாதி முடிந்த ஒயினைக் கலக்கக் கூடாது

கலவை கெடுவதற்கு முக்கியக் காரணம் விகிதம் அல்ல, மாலோலாக்டிக் நொதித்தல். மாலிக் அமிலம் லாக்டிக் அமிலமாக மாறும் இந்த இரண்டாம் மாற்றம், சூடு இருக்கும்போதே பிழியப்பட்ட ஷிராஸில் மே மாதத்துக்குள் முடிந்துவிடும். ஏப்ரல் கடைசியில் பிழிந்த கேபர்னே குளிர்காலத்துக்குள் நுழைகிறது; பிஹெச்சும் குறைவு. அடிலெய்டில் ஜூன் மாதம் கொட்டகைக்குள் 14 டிகிரி என்றால் பாக்டீரியா தூங்கிவிடும். முடிந்த ஷிராஸையும் முடியாத கேபர்னேயையும் கலந்து அடைத்தால், கோடையில் பாட்டிலுக்குள் அது மறுபடி கிளம்பும்: நுரை, கலங்கல், புளித்த முட்டைக்கோஸ் மாதிரி ஒரு வாடை. டெமிஜானைச் சுற்றி வெப்பப் பட்டை கட்டி 20 டிகிரியில் வைக்க வேண்டும். குரோமட்டோகிராஃபி தாளில் மாலிக் புள்ளி மறைந்த பிறகே சல்ஃபைட். அதற்கு முன் போட்டால் பாக்டீரியா நின்றுவிடும்; மாலிக் பாதியிலேயே தங்கும்.

அடுத்து, மூன்றையும் மூக்கால் சோதிக்க வேண்டும். முட்டை நாற்றம் சந்தேகமாக இருந்தால் இரண்டு கோப்பையில் ஒயின் எடுத்து, ஒன்றில் மட்டும் 1 சதவீத காப்பர் சல்ஃபேட் கரைசல் ஒரு சொட்டு. அந்தக் கோப்பையில் வாடை மறைந்தால் காரணம் ஹைட்ரஜன் சல்ஃபைடு, அல்லது அதிலிருந்து உண்டாகும் மெர்கேப்டன் என்ற கந்தகச் சேர்மம். அதை முகர மட்டும்தான்; குடிக்கக் கூடாது, நஞ்சு. தொழுவ வாடை, பிளாஸ்திரி வாடை வந்தால் பிரெட்டனோமைசிஸ் என்ற காட்டு ஈஸ்ட் புகுந்திருக்கிறது. காடி வாடையோ நகப்பூச்சு வாடையோ வந்தால் அசிட்டிக் அமிலமும் அதன் எஸ்டரும். இப்படிப்பட்ட ஒயினை நல்லதோடு கொஞ்சம் சேர்த்தால் தெரியாது என்று நினைப்பது இந்தத் தொழிலில் மன்னிக்க முடியாத கணக்கு. பிரெட் உயிருள்ளது. 10 லிட்டரில் இருப்பது 90 லிட்டருக்கும் பரவும். கலவை என்பது ஓர் ஊர்ப் பழத்தில் இல்லாததை இன்னோர் ஊர்ப் பழத்திலிருந்து வாங்குவது. கெட்டதை ஒளித்து வைக்கும் இடம் அல்ல. கெட்டதைத் தள்ளி வையுங்கள்.

கலப்பதற்கு முன் அளந்த அளவுகள்:

கேபர்னே: ஆல்கஹால் 13.4 சதவீதம், மொத்த அமிலம் லிட்டருக்கு 6.7 கிராம், பிஹெச் 3.46.
ஷிராஸ்: 14.9 சதவீதம், 5.8 கிராம், பிஹெச் 3.71.
கிரெனாஷ்: 15.1 சதவீதம், 5.5 கிராம், பிஹெச் 3.62.

மேசையில் 100 மில்லி

தேவையானவை: 100 மி.லி. அளவு ஜாடி, 10 மி.லி. பிப்பெட், ஒரே வடிவக் கோப்பைகள், துப்ப ஒரு பாத்திரம், தண்ணீர், வெறும் ரொட்டி. சீஸ் வைக்கவே கூடாது. அதன் கொழுப்பும் புரதமும் துவர்ப்பை மூடிவிடும், எல்லாக் கலவையும் நன்றாகத் தோன்றும். ஒயின் 18 டிகிரியில் இருக்க வேண்டும். குளிர்ந்திருந்தால் துவர்ப்பு கூடுதலாகத் தெரிந்து ஷிராஸ் பக்கம் சாயச் சொல்லும். காலை நேரம் நல்லது, காபிக்கு முன்னால். ஒரே அமர்வில் ஆறு கோப்பைக்கு மேல் நாக்கு பொய் சொல்லும்.

முதலில் இரண்டு ஒயினை மட்டும் எடுத்து அகலமான இடைவெளியில் கலக்க வேண்டும். 100 மி.லி.க்கு 5 மி.லி. என்பது 5 சதவீதம், கணக்கு எளிது. கோப்பைக்கு அடியில் எண் எழுதி, வேறொருவர் இடம் மாற்றி வைக்கட்டும். எது எது என்று தெரிந்து சுவைத்தால் விலை அதிகமான பழத்துக்குத்தான் ஓட்டு விழும்.

கேபர்னே 80, ஷிராஸ் 20: வாசம் முழுக்கக் கூனவாரா, ஆனால் நடுவில் ஓட்டை அப்படியே. 65–35: ஓட்டை நிரம்புகிறது, புதினா இன்னும் இருக்கிறது, துவர்ப்பு கடைசியில் நீளமாக வருகிறது. 50–50: பழம் நிறைவு, ஆனால் ஆல்கஹாலின் சூடு தொண்டையில் தனியாகத் தெரிகிறது, எந்த ஊர் ஒயின் என்று மூக்குக்குச் சொல்லத் தெரியவில்லை. 35–65: இது சுமாரான பரோஸா ஷிராஸ், அவ்வளவுதான். தனி ஷிராஸே இதைவிட மேல்.

இதிலிருந்து 70–30, 65–35, 60–40 என்று நெருக்கிப் பார்க்கலாம். 65–35 நிற்கிறது, ஆனால் கோப்பையில் மூக்கை வைத்த முதல் நொடி கொஞ்சம் மூடியே இருக்கிறது, கறுத்த பழ வாசம் மட்டும். இங்கேதான் கிரெனாஷ். 3 சதவீதத்தில் வித்தியாசம் தெரியாது. 6 சதவீதத்தில் ராஸ்பெர்ரி வாசம் மேலே எழும்பி, மற்றவற்றையும் கூட்டிக்கொண்டு வருகிறது. 10 சதவீதத்தில் நிறம் வெளிறத் தொடங்குகிறது, சூடும் திரும்ப வருகிறது. முடிவு: கேபர்னே 60, ஷிராஸ் 34, கிரெனாஷ் 6.

ஆல்கஹாலும் மொத்த அமிலமும் நேர்க் கணக்கில் வரும். ஆல்கஹால்: 0.60 × 13.4 + 0.34 × 14.9 + 0.06 × 15.1 = 14.0. அமிலம் அதே முறையில் 6.3. பிஹெச்சுக்கு இந்தக் கணக்கு செல்லாது; அது மடக்கை அளவு, போதாததற்கு ஒவ்வொரு ஒயினின் பொட்டாசியமும் தாங்குதிறனும் (பிஹெச் மாறாமல் எதிர்த்து நிற்கும் திறன்) வேறு. சராசரி ஏறத்தாழ ஒத்துவந்தாலும் சல்ஃபைட் கணக்குக்கு அதை நம்பக் கூடாது. கோப்பையில் கலந்து மீட்டரால் அளந்தபோது 3.55.

தேர்ந்த கலவையை 375 மி.லி. பாட்டிலில் நிரப்பி மூடி, மறுநாள் வரை வைத்துச் சுவைக்க வேண்டும். கலந்தவுடன் ஒன்றாகத் தெரிந்தவை இரவுக்குள் பிரிந்து நிற்பதுண்டு, குறிப்பாக ஓக் வாசம். மறுநாளும் பிடித்தால்தான் தொட்டிக்குப் போகலாம்.

தொட்டியில் கலப்பது

100 லிட்டர் எவர்சில்வர் தொட்டி, மட்டத்துக்கு ஏற்ப இறங்கும் மிதவை மூடி. ஊற்றும் அளவு: கேபர்னே 54 லிட்டர், ஷிராஸ் 30.6, கிரெனாஷ் 5.4. இத்தாலிய டெமிஜானின் கொள்ளளவே 54 லிட்டர்தான், அதனால் கேபர்னே முழுவதும் போய்விடும். மொத்தம் 90 லிட்டர் என்ற அளவு அதிலிருந்து வந்தது. ஓக் கட்டைகளும் கசடும் கூடவே வராமல் இருக்க டெமிஜானை முதல் நாளே மேசைமேல் ஏற்றி அசையாமல் வைத்துவிட வேண்டும். கட்டைகள் அடைத்துக்கொண்டிருந்த இடத்துக்கும் அடியில் விடும் கசடுக்கும் சேர்த்து ஒரு லிட்டர் போல குறையும். பிழியும்போது தனியாகப் பிடித்து வைத்த கேபர்னேயால் அதை ஈடுகட்டிக்கொள்ள வேண்டும்.

தொட்டியில் முதலில் கரியமில வாயு நிரப்ப வேண்டும். பிறகு கேபர்னே. அதன்மேல் ஷிராஸை மேலிருந்து ஊற்றினால் இரண்டும் அடுக்கடுக்காக நின்றுவிடும். ஆல்கஹால் அதிகமான ஒயின் எடை குறைந்தது, மேலேயே மிதக்கும். சைஃபன் குழாயின் முனையைத் தொட்டியின் அடிவரை விட்டால், ஷிராஸ் அடியிலிருந்து மேலே ஏறும்போதே கலந்துகொள்ளும், காற்றும் படாது. கிரெனாஷும் அப்படியே. பின்பு நீளமான துடுப்பால் சுழல் உண்டாகாமல் ஐந்து நிமிடம் மெதுவாகக் கிளறி, மேலிருந்தும் அடியிலிருந்தும் மாதிரி எடுத்து பிஹெச் ஒத்துப் பார்க்க வேண்டும். ஒரே எண் வராவிட்டால் இன்னும் கலக்கவில்லை என்று பொருள்.

சல்ஃபைட்: பிஹெச் 3.55-இல், கிருமியைத் தடுக்கும் மூலக்கூறு வடிவில் 0.5 மி.கி. இருக்க, தனித்த (ஒயினோடு பிணையாத) சல்ஃபர் டை ஆக்சைடு லிட்டருக்கு 28 மி.கி. வேண்டும், 30 என்று வைத்துக்கொள்ளலாம். தொட்டியில் அளந்தது 14. குறைவது 16 மி.கி., 90 லிட்டருக்கு 1.44 கிராம். மெட்டாபைசல்ஃபைட் தூளில் 57 சதவீதம்தான் சல்ஃபர் டை ஆக்சைடு என்பதால் 2.5 கிராம். கொஞ்சம் ஒயினோடு பிணைந்து மறைந்துபோகும். அதற்காக 3 கிராம். 50 மி.லி. ஒயினில் கரைத்து விட்டுக் கிளற வேண்டும். ஷிராஸைத் தனியாக வைத்திருந்தால் பிஹெச் 3.71-க்கு 40 மி.கி. வரை தேவைப்பட்டிருக்கும். கூனவாராவின் புளிப்பு செய்யும் உதவிகளில் இதுவும் ஒன்று.

கலந்த பிறகு

தனித்தனியாகத் தெளிந்து நின்ற ஒயின்கள் சேர்ந்ததும் கலங்கும். பிஹெச்சும் ஆல்கஹாலும் மாறியதால் டார்டரேட் உப்பு புதிதாகப் படிகமாகும். டானினும் நிறமியும் சேர்ந்து கீழே இறங்கும். கலவையை ஆகஸ்டில் வைத்துக்கொள்வது இதற்காகவே: கொட்டகையின் குளிரே படிகத்தை இறக்கிவிடும். குறைந்தது ஆறு வாரம். மிதவை மூடிக்கும் ஒயினுக்கும் இடையே காற்றுக்குமிழ் நிற்கிறதா என்று வாரம் ஒருமுறை பார்க்க வேண்டும். ரப்பர் வளையத்தில் காற்று இறங்கியிருந்தால் மேல்மட்டத்தில் வெள்ளை ஆடை படரும். இந்தத் தொட்டிகளில் அடிக்கடி பழுதாவது அந்த வளையம்தான்.

படிகம் முடிந்ததா என்று அறிய 100 மி.லி. எடுத்து மைனஸ் 4 டிகிரியில் மூன்று நாள் வைத்துப் பார்க்கலாம். அடியில் மணல் போல மின்னினால் இன்னும் காத்திருக்க வேண்டும். பிஹெச் 3.65-க்குக் கீழே இருக்கும்போது படிகம் விழுந்தால் பிஹெச் மேலும் குறையும், மேலே இருந்தால் ஏறும். இங்கே 3.53-க்கு இறங்கியது, மொத்த அமிலம் 6.1. அமிலம் குறைந்தும் பிஹெச் ஏறவில்லை. ஷிராஸை அதிகமாகப் போட்டு 3.7-இல் நின்றிருந்தால் இதே படிகம் ஒயினைத் தட்டையாக்கியிருக்கும்.

நவம்பரில், கோடை வெயில் ஏறுவதற்குள் பாட்டிலில் அடைக்கலாம். கசடு போக 87 லிட்டர், 750 மி.லி. பாட்டிலில் 116. அடைப்பதற்கு முன் தனித்த சல்ஃபரை மறுபடி அளந்து 30-க்குக் கொண்டுவர வேண்டும். மாலிக் அமிலத்தை ஒருமுறை ஆய்வகத்தில் கொடுத்துப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் தாள் சோதனை சிறிய மீதியைக் காட்டாது. கார்க்குக்குக் கீழே 15 மி.மீ. இடைவெளி. மூன்று நாள் நிமிர்த்தி வைத்து, பிறகு படுக்க வைக்கலாம். முதல் மூன்று மாதம் திறக்க வேண்டாம். அடைத்த அதிர்ச்சியில் வாசம் ஒடுங்கியிருக்கும்.

லேபிளில் ஊர்ப் பெயர் போடுவதற்கு ஆஸ்திரேலியாவில் விதி உண்டு. ஒரே ஊரைக் குறிப்பிட்டால் 85 சதவீதம் அங்கிருந்து வந்திருக்க வேண்டும். பல ஊர் என்றால் மூன்று வரை, மூன்றும் சேர்ந்து 95 சதவீதம், ஒவ்வொன்றும் 5 சதவீதத்துக்குக் குறையாமல், அதிகமானது முதலில். வீட்டுக்கு மட்டும் செய்யும் ஒயினுக்கு இது கட்டாயமில்லை. இருந்தாலும் கூனவாரா, பரோஸா, மெக்லாரன் வேல் என்று அந்த வரிசையிலேயே, விகிதத்தோடு எழுதி வைத்தால் சில ஆண்டு கழித்துத் திறக்கும்போது எந்தப் பங்கு எப்படி முதிர்ந்தது என்று ஒப்பிட முடியும். மீந்த ஷிராஸில் இரண்டு பாட்டிலைத் தனியாகவே அடைத்து வைப்பதும் அந்த ஒப்பீட்டுக்குத்தான். கூனவாராவில் வெயில் கூடிய ஆண்டு என்றால் கேபர்னேயின் நடு ஓட்டை சிறியதாக இருக்கும். அப்போது மேசைச் சோதனையில் 65–35-ஐச் சுற்றி நெருக்கிப் பார்க்காமல் 75–25-ஐச் சுற்றிப் பாருங்கள்.